மின்மீனைக் கேட்கும் பெருக்கி: மின்முனையிலிருந்து அதிர்வெண் விலகல் சோதனை வரை

பிளாக் கோஸ்ட் நைஃப் மீன் இருக்கும் தொட்டியில் இரண்டு கம்பிகளை விட்டு, அவற்றுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கரில் கொடுத்தால், புல்லாங்குழலில் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்தது போல ஓர் ஒலி வரும். மீன் வாயால் எழுப்பும் ஒலி அல்ல அது. வால்பக்க மின்னுறுப்பு விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை, இரவு பகல் பாராமல் வெளியிடும் மின்துடிப்பு. அந்தத் துடிப்பு உண்டாக்கும் மின்புலம் அருகிலுள்ள பொருள்களால் எங்கே நசுங்குகிறது, எங்கே விரிகிறது என்பதைத் தோலிலுள்ள மின்னுணரிகளால் அறிந்து, கும்மிருட்டிலும் மீன் வழி கண்டுபிடிக்கிறது.

இரையை அடித்து வீழ்த்தும் அளவுக்கு வலுவான மின்னுறுப்பு படிப்படியாக எப்படி உருவாகியிருக்கும் என்பது 1859-ல் டார்வினுக்கே விடை கிடைக்காத கேள்வி. பாதி வலுவுள்ள உறுப்பால் மீனுக்கு என்ன பயன்? ஆப்பிரிக்காவின் ஜிம்னார்கஸ் நைலோட்டிகஸ் மீன் வலுக்குறைந்த துடிப்பைத் தொடர்ந்து வெளியிடுவதை 1951-ல் விலங்கியலாளர் ஹான்ஸ் லிஸ்மன் அறிவித்தபோதுதான் அதற்குப் பிடி கிடைத்தது: பயன் தாக்குவதில் இல்லை, உணர்வதில் இருக்கிறது. இன்று இந்தத் துடிப்பைப் பிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று ஐசி, மூன்று 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போதும். கடினமானது பெருக்குவது அல்ல. சுவரிலுள்ள மின்சாரத்தையும் மீனையும் பிரித்தறிவதுதான். கீழே வரும் பெரும்பாலான விவரங்கள் அதற்காகவே.

மீனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

"நைஃப்" என்று பெயர் ஒட்டிய மீனெல்லாம் மின்மீன் அல்ல. கிளவுன் நைஃப் என்று விற்கப்படும் சிட்டாலா ஆர்னட்டா துடிப்பு எதையும் வெளியிடாது. எவ்வளவு நல்ல பெருக்கியை வைத்தாலும் மௌனம்தான். அதன் ஆப்பிரிக்க உறவினமான ஜெனோமிஸ்டஸுக்கு மின்னுணர்வு உண்டு, மின்னுறுப்பு கிடையாது. கேட்க முடியும், பேச முடியாது.

தொடங்குவதற்கு ஏற்றவை மூன்று. அப்டெரோனோட்டஸ் அல்பிஃப்ரான்ஸ், அதாவது பிளாக் கோஸ்ட் நைஃப்: தொடரலை, 1000 ஹெர்ட்ஸை ஒட்டி. ஐகன்மேனியா, அதாவது கிளாஸ் நைஃப்: தொடரலை, 250 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை. நத்தோனீமஸ் பீட்டர்ஸி, அதாவது யானைமூக்கு மீன்: தனித்தனித் துடிப்புகள், ஒவ்வொன்றும் அரை மில்லிவிநாடிக்கும் குறைவு, ஓய்வில் விநாடிக்குச் சில, எதையாவது துழாவும்போது பல பத்து. முதல் இரண்டும் தென்னமெரிக்காவின் ஜிம்னோட்டிஃபார்ம் வரிசையைச் சேர்ந்தவை. மூன்றாவது ஆப்பிரிக்காவின் மார்மிரிட் குடும்பம். இரு குலங்களிலும் மின்னுறுப்பு தனித்தனியாகத் தோன்றியது. பொது மூதாதையிடமிருந்து வந்த சொத்து அல்ல.

தண்ணீரின் மின்கடத்துதிறனை மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். சென்டிமீட்டருக்கு 150 முதல் 300 மைக்ரோசீமன்ஸ் வசதியான எல்லை. 1000-ஐத் தாண்டினால் மீனின் மின்னோட்டம் தண்ணீரிலேயே குறுக்கிணைந்து, மின்முனைக்கு வரும் மின்னழுத்தம் பரிதாபமாக இறங்கிவிடும். நோய்க்கு உப்புப் போட்ட தொட்டியில் "பெருக்கி வேலை செய்யவில்லை" என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கடத்துதிறனைக் குறைக்க வேண்டுமானால் சில நாள்களில் சிறுகச் சிறுக மாற்றுங்கள். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினால் மீன் தாங்காது.

மின்முனைகள்

செம்புக் கம்பி தண்ணீரில் படவே கூடாது. கரையும் செம்பு மீனுக்கு நஞ்சு. 316 தர எஃகுக் கம்பி, 1 முதல் 1.5 மில்லிமீட்டர் விட்டம், ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று துண்டுகள் வேண்டும். இரண்டு பதிவுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு. மூன்றையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுங்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் இருந்தால் அதுவே ஒரு மின்கலம். நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் உள்ளீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கம்பியின் நுனியில் 1 சென்டிமீட்டரை மட்டும் விட்டுவிட்டு, மீதி முழுவதும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிச் சூடேற்றுங்கள். உள்ளே பசை உள்ள வகை நல்லது. பசையில்லாததில் தண்ணீர் நுண்குழாய் ஏற்றத்தால் மேலேறி, சில வாரத்தில் இணைப்பை அரித்துவிடும். எஃகில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. பாஸ்பாரிக் அமிலப் பசை தடவினால் ஒட்டும், ஆனால் மிஞ்சிய அமிலத்தைச் சுத்தமாகக் கழுவியாக வேண்டும். கனெக்டர் ஸ்ட்ரிப்பிலிருந்து ஒரு பித்தளைத் திருகு முனையை வெட்டியெடுத்து, ஒரு பக்கம் எஃகையும் மறுபக்கம் கேபிளையும் முறுக்குவது இதைவிடச் சுலபம், உறுதியும்கூட. அந்த இணைப்பு நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அதன் மேலும் ஒரு ஹீட் ஷ்ரிங்க்: காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் தெளிக்கும் துளி பித்தளையில் பட்டால் மறுபடியும் மின்கலக் கதைதான்.

கேபிள் உறையிட்டதாக இருக்க வேண்டும். ஒலிவாங்கிக்குப் பயன்படுத்தும் இரட்டைக் கம்பி கேபிள் போதும். பின்னல் உறையைப் பெருக்கிப் பக்கத்தில் மட்டும் கிரவுண்டில் சேருங்கள், தொட்டிப் பக்கத்தில் வெட்டி விட்டுவிடுங்கள். இரு பக்கமும் சேர்த்தால் உறையிலேயே மின்னோட்டம் ஓடும்.

வைக்கும் இடம்: பதிவு முனைகள் தொட்டியின் நீளவாக்கில் இரு கோடியிலும், நடுநீர் ஆழத்தில். கிரவுண்டு முனை பக்கச் சுவரின் மையத்தில். மீன் மின்னியலாக ஓர் இருமுனை. தலை ஒருமுனை, வால் மறுமுனை. மின்முனைகளை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக மீன் நின்றால் இரண்டு முனைக்கும் ஒரே மின்னழுத்தம் போய்ச் சேர்ந்து, குறிகை (சிக்னல்) பூஜ்யத்தை நெருங்கிவிடும். திரும்பி நின்றால் அலை தலைகீழாகும். ஒலி திடீரென அமுங்கி மறுபடி எழுந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். மறைவிடக் குழாயை நீளவாக்கில் வைத்தால் பகலில் மீன் அதற்குள் படுத்துக்கொள்ளும், திசையும் மாறாது. குழாய் பிளாஸ்டிக் வலையால் ஆனதாக இருக்கட்டும். கெட்டியான பிவிசி குழாய் மின்காப்பு; பக்கவாட்டுப் புலத்தை மறைத்துவிடும்.

சுற்று

முதல் நிலை ஏடி 620 இன்ஸ்ட்ருமெண்டேஷன் ஆம்ப்ளிஃபயர். ஐஎன்ஏ 128 கிடைத்தாலும் சரி, கால் அமைப்பு ஒன்றே. இரண்டு உள்ளீட்டுக்கும் பொதுவாக வருவதைத் தள்ளிவிட்டு, வேறுபாட்டை மட்டும் பெருக்குவது இதன் வேலை. சுவர் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரண்டு முனையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மீனின் துடிப்போ ஒன்றில் நேராகவும் மற்றதில் எதிராகவும் வரும். சாதாரண ஆப்-ஆம்ப்பில் (பொதுப் பயன் பெருக்கி ஐசியில்) வேறுபாட்டுப் பெருக்கி கட்டினால் மின்தடைகளின் ஒரு சதவீத விலகலே இந்தத் தள்ளுதிறனைக் கெடுத்துவிடும். இந்த ஒரு ஐசியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கால் 2, 3 உள்ளீடுகள். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் 10 கிலோ ஓம், பிறகு காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். இரண்டு கால்களுக்கும் இடையே 220 பிகோஃபாரட். இது 36 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டும். இது இல்லாவிட்டால் பக்கத்து வானொலி நிலையம் ஸ்பீக்கரில் பாட்டுப் பாடும். 1 மெகா ஓம்களை விட்டுவிடக் கூடாது: உள்ளீட்டுச் சார்பு மின்னோட்டம் வடிய வழியில்லாமல், முனையைத் தண்ணீரிலிருந்து எடுத்த கணமே வெளியீடு ஒரு பக்கம் போய் முட்டிக்கொள்ளும். கால் 4-க்கு எதிர் 9 வோல்ட், 7-க்கு நேர் 9 வோல்ட், 5 கிரவுண்டுக்கு, 6 வெளியீடு. கால் 1-க்கும் 8-க்கும் இடையிலுள்ள மின்தடைதான் பெருக்கத்தை நிர்ணயிக்கிறது: 49.4 கிலோ ஓமை அந்த மின்தடையால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். 5.49 கிலோ ஓம் வைத்தால் சரியாகப் பத்து மடங்கு. 5.6 கிலோ ஓம்தான் கையில் இருக்கிறதென்றால் 9.8, பாதகமில்லை.

முதல் நிலையிலேயே நூறு மடங்கு வைத்தால் என்ன என்ற ஆசை வரும். மின்முனைகளுக்கிடையே 100 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் இருப்பது சர்வ சாதாரணம். நூறு மடங்கில் அது 10 வோல்ட். பேட்டரியே 9 வோல்ட்தான். பெருக்கி மேல்கூரையில் முட்டி நின்றுவிடும், மீனின் துடிப்பு அடையாளமில்லாமல் போகும். பத்து மடங்கென்றால் 1 வோல்ட் மட்டுமே; தாராளமாக இடமிருக்கிறது. முதலில் கொஞ்சம் பெருக்கி, நேர்மின்னழுத்தத்தை வடிகட்டி, அதன்பின் மீதியைப் பெருக்குவதே முறை.

அந்த வடிகட்டி: கால் 6-லிருந்து 0.1 மைக்ரோஃபாரட், பிறகு கிரவுண்டுக்கு 16 கிலோ ஓம். வெட்டு அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். ஸ்டெர்னோபைகஸ் போன்ற தாழ் அதிர்வெண் மீனைக் கேட்க, ஒரு ஸ்விட்ச் வழியே 16-ஐ 160 கிலோ ஓமாக மாற்றும்படி வைத்துக்கொண்டால் வெட்டு 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

இரண்டாம் நிலை டிஎல் 072, ஒரே ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப். முதல் பாதி தலைகீழாக்காத பெருக்கி: கால் 3 உள்ளீடு, கால் 1-க்கும் 2-க்கும் இடையே 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், கால் 2-லிருந்து 1 கிலோ ஓமும் அதற்கு வரிசையில் துருவமில்லாத 10 மைக்ரோஃபாரட்டும் கிரவுண்டுக்கு. பெருக்கம் 1 முதல் 101 வரை. அந்த 10 மைக்ரோஃபாரட் இல்லாமலும் ஓடும், ஆனால் ஐசியின் சொந்த ஆஃப்செட்டும் 101 மடங்கு பெருகி வெளியே வரும். கால் 1-லிருந்து 1.6 கிலோ ஓம், 10 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. 10 கிலோஹெர்ட்ஸில் மேல்வெட்டு. பிறகு இரண்டாம் பாதி வெறும் பின்தொடரி: கால் 5 உள்ளீடு, கால் 6-ஐயும் 7-ஐயும் சேர்த்துவிட வேண்டும். கால் 7-லிருந்து இரண்டு வழி. ஒன்று 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் வழியே பதிவுச் சாக்கெட்டுக்கு. மற்றது ஸ்பீக்கருக்கு. ஒவ்வொரு ஐசியின் மின்வழங்கிக் கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட், முடிந்தவரை காலை ஒட்டி.

ஸ்பீக்கரை ஓட்ட எல்எம் 386 என்ற ஒலிப்பெருக்க ஐசி. அதன் உள்ளீடு கிரவுண்டைச் சுற்றி 0.4 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டிஎல் 072 தரக்கூடியதோ ஏழெட்டு வோல்ட். ஆகவே 220 கிலோ ஓம் வரிசையில், அதன்பின் 10 கிலோ ஓம் ஒலியளவுப் பொட்டென்ஷியோமீட்டர், அதன் நடுக்கால் எல்எம் 386-ன் கால் 3-க்கு. கால் 2, 4 கிரவுண்டு, 6-க்கு மின்சாரம், 5-லிருந்து 220 மைக்ரோஃபாரட் வழியே 8 ஓம் ஸ்பீக்கர். கால் 5-லிருந்து 10 ஓமும் 47 நானோஃபாரட்டும் வரிசையாகக் கிரவுண்டுக்கு. கால் 1, 8 திறந்தே இருக்கட்டும்; 20 மடங்கு போதும்.

இதற்கு மட்டும் மூன்றாவது பேட்டரி தனியாக. கிரவுண்டு பொது, நேர்முனை தனி. ஒரே பேட்டரியில் ஓட்டினால் ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் ஆடி, அது முதல் நிலைக்குத் திரும்பி, "பொடபொட" என்று மோட்டார் படகு ஓடும் சத்தம் வரும். பலர் அதை யானைமூக்கு மீன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாமே பேட்டரியில்தான் ஓட வேண்டும். சுவர் அடாப்டரில் ஓடும் எதையும் தொட்டித் தண்ணீரோடு இணைக்காதீர்கள். இது இரைச்சலுக்காக மட்டும் சொல்வதல்ல. ஹீட்டரின் கண்ணாடி விரிசல்விட்ட நாளில் அந்தக் கிரவுண்டுக் கம்பி மின்னோட்டத்துக்கு வழியாகிவிடும். தொட்டிச் சாதனங்களுக்குக் கசிவுமின் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சாதனம்) கட்டாயம்.

மீனுக்கு முன் பொம்மை மீன்

மீனை வைத்துக்கொண்டு சுற்றைச் சோதிப்பது வீண் வேலை. பிழை சுற்றிலா, தண்ணீரிலா, மீனிலா என்று தெரியாது. ஒரு பிளாஸ்டிக் குச்சியில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு எஃகு நுனிகளைக் கட்டி, கைபேசியின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியே 900 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுங்கள். கைபேசி சார்ஜரில் இருக்கக் கூடாது. அரை வோல்ட்டில் 50 மைக்ரோஆம்பியர் ஓடும். பத்து சென்டிமீட்டர் தள்ளி மில்லிவோல்ட் அளவில் குறிகை கிடைக்கும். நிஜ மீனும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

குச்சியை மின்முனைக் கோட்டுக்கு இணையாகப் பிடித்தால் ஒலி உச்சம். மெல்லத் திருப்பினால் செங்குத்தில் ஏறக்குறைய மௌனம். மௌனப் புள்ளி தெளிவாக வந்தால் வேறுபாட்டு உள்ளீடு சரியாக வேலை செய்கிறது. எந்தக் கோணத்திலும் ஒலி அடங்காவிட்டால் ஒரு பதிவு முனை அறுந்திருக்கிறது. பெருக்கி ஒரு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்துகொண்டிருக்கிறது. அடுத்து பொம்மையை எடுத்துவிட்டு இரண்டு பதிவு முனைகளின் நுனிகளையும் தண்ணீருக்குள் ஒன்றோடொன்று தொடவையுங்கள். அப்போதும் மிஞ்சும் இரைச்சல் பெருக்கியுடையது. பிரித்தவுடன் கூடுவது தொட்டியுடையது.

இரைச்சல் வேட்டை

மீனைத் தொட்டியில் விட்டதும் முதலில் கேட்பது மீன் அல்ல, ஹீட்டர். ஒவ்வொரு சாதனமாகச் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஒரு கம்பி மட்டும் துண்டிக்கப்பட்டு, மற்றது தண்ணீரோடு மின்தேக்கமாக இணைந்தே இருக்கும். எல்இடி விளக்கின் டிரைவர் 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் அதற்கு மேல் ஒரு கீச்சொலியும் தரும். பதிவு நேரத்தில் ஹீட்டர், பம்ப், விளக்கு மூன்றையும் 10 நிமிடம் பிடுங்கி வைப்பதால் மீனுக்குத் தீங்கில்லை. மறுபடி மாட்ட மறக்காமலிருக்க, பிளக்குகளைப் பெருக்கியின் மேலேயே வைத்துவிடுங்கள்.

ஐகன்மேனியாவில்தான் சிக்கல் நுட்பமானது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மடங்குகள் 250, 300, 350, 400 எல்லாம் அதன் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. நிறமாலையில் 350-ல் நிற்கும் கோடு மீனா சுவரா? இரண்டு விதமாகப் பிரிக்கலாம். மீனின் அதிர்வெண் வெப்பநிலையோடு நகரும். சுவரின் மடங்கு நகராது. 50-ன் மடங்கு வரும்போது அதன் பக்கத்து மடங்குகளும் சேர்ந்தே வரும். மீனின் மேல்சுரங்களோ அதன் சொந்த அதிர்வெண்ணின் மடங்குகளில் மட்டும்.

யானைமூக்கு மீனுக்குப் போலி வேறு: ஏர் ஸ்டோன் குமிழி மின்முனை நுனியில் மோதும்போது "டிக்" என்று ஒரு தாவல். காதுக்கு அசல் துடிப்பு போலவே இருக்கும். பதிவை விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: மீனின் துடிப்பு ஒவ்வொன்றும் அதே வடிவம், அதே அரை மில்லிவிநாடிக்குட்பட்ட அகலம். குமிழியின் தாவல்கள் ஆளுக்கொரு வடிவம், பல மில்லிவிநாடி இழுவை.

பதிவும் அளவீடும்

மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு, பதிவுச் சாக்கெட்டை லைன் உள்ளீட்டில் இணையுங்கள். மைக் உள்ளீடு மட்டுமே இருந்தால் இடையில் 10-க்கு 1 பங்கீட்டு மின்தடை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் விநாடிக்கு 44,100 மாதிரி வேகம், ஒற்றைத் தடம். அலையின் முகடு முழு அளவில் பாதியைத் தாண்டாதபடி பெருக்கத்தைக் குறையுங்கள். முகடு வெட்டுப்பட்டால் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கும். 900-ல் ஒரு கோடும் 1800-ல் ஒரு கோடும் தெரிந்தால் இரண்டு மீன் அல்ல. ஒரே மீனின் இரண்டாம் சுரம். இரண்டு மீன்களென்றால் 900-மும் 912-மும் போல ஒட்டாத எண்கள் வரும், காதில் விநாடிக்கு 12 முறை துடிக்கும் விம்மலும் கேட்கும்.

நிறமாலைச் சாளரத்தின் அளவு என்ன தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 65,536 மாதிரிகள் எடுத்தால் 0.67 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரை விநாடியின் சராசரி. அப்டெரோனோட்டஸ் மீன்கள் ஒன்றோடொன்று சந்திக்கையில் அதிர்வெண்ணைச் சில பத்து மில்லிவிநாடிக்குத் துள்ளவிடும். அந்தத் துள்ளல் இவ்வளவு பெரிய சாளரத்தில் கரைந்து காணாமல் போகும். 1024 எடுத்தால் 23 மில்லிவிநாடி, துள்ளல் தெரியும்; பதிலுக்கு நுணுக்கம் 43 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. இரண்டு சாளரத்திலும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

வெப்பநிலை எழுதாத பதிவு பாதி வீண். பத்து டிகிரி உயர்ந்தால் அதிர்வெண் சுமார் 1.5 முதல் 1.6 மடங்காகிறது, ஒரு டிகிரிக்கு 4 முதல் 5 சதவீதம். 27 டிகிரியில் 870 ஹெர்ட்ஸ் காட்டிய மீனை 25 டிகிரிக்குத் திருத்தினால், 1.6 என்று கொண்டால், 792. திருத்தாமல் நேற்றைய பதிவோடு ஒப்பிட்டு "மீன் சுருதி மாறிவிட்டது" என்று சொன்னால் அது ஹீட்டரின் தெர்மோஸ்டாட் சொன்ன கதை. வெப்பநிலை நிலையாக இருந்தால், அசையாத அப்டெரோனோட்டஸின் துடிப்பு ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. உயிருள்ள கடிகாரங்களில் இவ்வளவு கறாரானவை அரிது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இனம், டிகிரி, மைக்ரோசீமன்ஸ், தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும்.

அதிர்வெண் விலகல் சோதனை

இரண்டு ஐகன்மேனியா அருகருகே வந்து, அவற்றின் அதிர்வெண்கள் சில ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் இருந்தால், மெதுவான விம்மல் இரண்டின் மின்னுணர்வையும் குழப்பும். உடனே ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் விலகும். 1963-ல் வாத்தனாபேயும் தாக்கேதாவும் கண்டது இது. இன்னொரு மீனுக்குப் பதில் சைன் அலையே போதும் என்பதால் வீட்டிலும் செய்யலாம்.

60-க்கு 30 சென்டிமீட்டர் தொட்டி, 25 சென்டிமீட்டர் நீர், 200 மைக்ரோசீமன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மீன் வலைக்குழாயில் நீளவாக்கில். பதிவு முனைகள் குழாயின் தலை, வால் பக்கங்களில். தூண்டல் முனைகள் இரண்டு கார்பன் தண்டுகள். குழாயின் நடுவுக்கு நேரே, இடவலமாக, அகலவாட்டில். கைபேசி அல்லது அலையாக்கியின் வெளியீட்டை 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வழியே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் தூண்டலின் கிரவுண்டும் பெருக்கியின் கிரவுண்டும் தண்ணீரில் சந்தித்துப் பதிவை நாசமாக்கும். வரிசையில் 10 கிலோ ஓம் வைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் குறைக்கலாம். மீன் இருக்கும் இடத்தில் சென்டிமீட்டருக்கு 1 மில்லிவோல்ட்டுக்கு மேல் போக வேண்டாம். 1 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு நுனி கொண்ட ஒரு குச்சியைப் பெருக்கியில் மாட்டி, மீன் இல்லாதபோதே இதை அளந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் மீன் வருமுன்பே. தூண்டலை ஓடவிட்டு, ஒரு பதிவு முனையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, தூண்டல் பதிவில் மிகக் குறையும் இடத்தைப் பிடியுங்கள். இரண்டு பதிவு முனைகளும் நடுக்கோட்டில் இருந்தால் தூண்டல் இரண்டிலும் சமமாக ஏறித் தானே கழிந்துவிடும். இந்தச் சீரமைப்பு இல்லாவிட்டால் 400-ல் மீனும் 404-ல் தூண்டலும் நிறமாலையில் ஒரே தடித்த கோடாகத் தெரியும்.

மீனை விட்டு, அரை மணி நேரம் அமைதியாக விடுங்கள். அதன் அதிர்வெண்ணை 65,536 சாளரத்தில் படியுங்கள். 400 என்றால் 404-ல் தூண்டுங்கள்: மீன் சில விநாடிகளில் கீழிறங்கும். நிறுத்தி, பழைய இடத்துக்குத் திரும்பக் காத்திருந்து, 396-ல் தூண்டுங்கள்: மேலேறும். வித்தியாசம் 2 முதல் 6 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்போதுதான் பதில் வலுவாக வரும். 450-ல் தூண்டினால் கண்டுகொள்ளாது. இந்த 450 சோதனையைத் தவிர்க்காதீர்கள். அது இல்லாமல் நடந்தது விலகலா, வெறும் கலவரமா என்று சொல்ல முடியாது. கார்பன் தண்டைக் கழற்றிவிட்டு அதே அலையை ஓடவிடுவதும் தேவை, டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வுக்கு மீன் பதில் சொல்லவில்லை என்று உறுதிசெய்ய.

தண்டுகளை ஏன் பக்கவாட்டில் வைக்கச் சொன்னேன் என்பதற்குப் பின்னால் நரம்பியல் ஆய்வாளர் வால்ட்டர் ஹைலிகன்பெர்க்கின் பெரும் ஆய்வு இருக்கிறது. எதிரியின், அதாவது மற்ற மீன் அல்லது தூண்டலின், அதிர்வெண் தன்னுடையதைவிட மேலா கீழா என்று முடிவெடுக்க, மீன் தன் மூளையிலுள்ள துடிப்பாக்கியைக் கேட்பதில்லை. தோலின் வெவ்வேறு இடங்களில் வந்துசேரும் கலவையின் வீச்சையும் நேரத்தையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது. ஆகவே எதிரியின் புலம் தோலில் சில இடங்களில் அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் கலந்தாக வேண்டும். தூண்டல், மீனின் சொந்தப் புலம் போலவே தலையிலிருந்து வாலுக்குப் பாய்ந்தால், உடல் முழுவதும் கலவை ஒரே விகிதத்தில் ஆகி, திசை தெரியாமல் போகும். தண்டுகளை நீளவாக்கில் வைத்துவிட்டு "மீன் பதில் சொல்லவில்லை" என்று முடிவுகட்டுவது இந்தச் சோதனையில் எளிதில் நேரும் தவறு.

ஜிம்னார்கஸ் இதே கணக்கை இதே விதிப்படி போடுகிறது. ஆனால் நேர ஒப்பீட்டை அது பின்மூளையிலேயே முடித்துவிடுகிறது. ஐகன்மேனியா நடுமூளையில் செய்கிறது. விடை ஒன்று, கணக்குப் போடும் அறை வேறு. மரபணுவிலும் இப்படியொரு பொருத்தம் உண்டு. எலும்புமீன்களின் பண்டைய மரபுத்தொகுதி இரட்டிப்பில் தசையின் சோடியம் வாயில் மரபணு இரண்டு பிரதிகளாயிற்று. ஹெரால்ட் ஸகோனின் குழு 2006-ல் காட்டியது: தென்னமெரிக்க, ஆப்பிரிக்க மின்மீன்கள் இரண்டிலும் அதே ஒரு பிரதிதான் தசையை விட்டு விலகி, மின்னுறுப்பின் பொறுப்பை ஏற்று, வேகமாக மாறியிருக்கிறது. அப்டெரோனோட்டஸ் இதிலும் தனி வழி. வளர்ந்த மீனில் அதன் மின்னுறுப்பு தசையால் ஆனதல்ல, இயக்க நரம்பின் நீட்சிகளால் ஆனது.

அதே அமைப்பில் அப்டெரோனோட்டஸை வைத்தால் விலகல் ஒருபக்கம்தான்: கீழிருந்து நெருங்கும் தூண்டலுக்கு மேலேறும், மேலிருந்து நெருங்கினால் ஐகன்மேனியா போலக் கீழிறங்காது. ஆகவே இதில் 4 ஹெர்ட்ஸ் மேலே தூண்டி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஸ்டெர்னோபைகஸுக்கு விலகலே கிடையாது. அதை வைக்கும்போது வடிகட்டியை 10 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது பாடுவதே 50 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள்தான், சில மீன் சுவர் மின்சாரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். "பதில் இல்லை" என்று எழுதுமுன் குச்சியால் புலத்தை மறுபடி அளந்து, அதே தண்டு, அதே மின்தடை, அதே தண்ணீரில் ஒரு ஐகன்மேனியாவை வைத்துப் பாருங்கள். அது விலகினால் மட்டுமே ஸ்டெர்னோபைகஸின் அசையாமை குறிப்பேட்டில் ஏறத் தகுந்த முடிவு.